கழிசல் மீனுக்கு விலை வந்தால்

மலாக்காவின் உம்பாயிலிருந்தோ செர்காமிலிருந்தோ இறாலுக்கென்று மூன்றடுக்கு வலையோடு போகும் சிறு படகு இறாலை மட்டும் கொண்டு கரைக்கு வருவதில்லை. வலையை உதறிப் பிரிக்கும்போது கெளுத்தி, காரல், நாக்கு மீன், விரல் நீளக் கெலாமா, குட்டித் திருக்கை, சில நாள் குதிரைலாட நண்டு என்று என்னென்னவோ விழும். இறாலுக்கும் பெரிய கெலாமாவுக்கும் வியாபாரி அங்கேயே விலை சொல்லிவிடுவார். மற்றதில் கொஞ்சம் வீட்டுக் குழம்புக்கு, கொஞ்சம் கருவாட்டுக்கு, கொஞ்சம் நண்டுக்கூண்டில் இரைக்கு. யாருக்கும் வேண்டாதது தண்ணீருக்கே திரும்பிப் போகும், பெரும்பாலும் செத்த பிறகு.

கோலா லிங்கி தொடங்கித் தெற்கே சுங்கை ரம்பாய் வரை மலாக்காவின் கரை பெரும்பாலும் இப்படிச் சிறு படகுகளின் கரைதான். இழுவைப் படகுகளின் பெரிய துறைகள் வடக்கே பேராக்கிலும் கெடாவிலும் பெர்லிஸிலும் இருக்கின்றன. ஆகவே இங்கே வீணாகும் மீனை வாளியில் அளக்கலாம். உலகக் கணக்குக்கு அந்த அளவை உதவாது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பிடித்தபின் கடலிலேயே வீசப்படும் மீன் ஆண்டுக்கு 91 லட்சம் டன். மொத்தப் பிடிப்பில் 10.8 விழுக்காடு. அதில் 42 லட்சம் டன் கடலடியைத் துழாவும் இழுவை வலைகளின் பங்கு. வெப்பக் கடல்களில் ஒரு கிலோ இறாலுக்கு ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று மற்ற மீன் வாரப்படுவது நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதி. 1981 அக்டோபரில் தென் அமெரிக்காவில் கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் வல்லுநர்கள் கூடி இதைப் பேசினார்கள். அந்தக் கூட்டத்தின் அறிக்கைத் தலைப்பு இந்த மீனைக் கடல் கொடுத்த போனஸ் என்று வருணித்தது. போனஸை எப்படி உணவாக்குவது என்ற கேள்விக்கு அன்றிலிருந்து இன்றுவரை தொழில்நுட்பம் விடை சொல்லிக்கொண்டே இருக்கிறது. நல்ல விடைகளும் உண்டு. எனக்கு உறுத்துவது அதற்கடுத்த கேள்வி: விலை கிடைக்கத் தொடங்கியபின் அது யாருக்கும் வேண்டாத மீனாகவே இருக்குமா?

மலாக்காவின் தமிழர்கள் இந்தக் கதைக்குள் கடல் வழியாக வரவில்லை, தோட்டத்து வழியாக வந்தார்கள். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரானது முதலில் இங்கேதான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் 43 ஏக்கரில் கன்று நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் 3,000 ஏக்கர் அளவுக்கு விரித்தார். அசஹான், தெபோங், காடேக், கெமுனிங், ஜாசின், மெர்லிமாவ் என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் இன்றும் அந்தத் தோட்டங்களின் வரைபடம் தெரியும். ஜாசினிலிருந்து கடல் எட்டிப்பிடிக்கும் தூரம்தான். ஆனால் ஐஸ் இல்லாத காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு நின்று கித்தா மரம் சீவப் போகிறவர்களுக்கு அந்தத் தூரமும் தூரமே. கடல் அவர்களுக்குக் கருவாடாகவும் நெத்திலியாகவும் வந்து சேர்ந்தது. தோட்டத்துக் கடையில் அரிசி, பருப்பு, புளி, மிளகாயோடு பற்றில் எழுதி வாங்கும் பொருள் அது. ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தபடி லயங்களுக்குள் நுழையும் மோட்டார் சைக்கிள் மீன்காரர் வந்தது பிற்பாடு.

கருவாடாக வந்தது எது? பச்சையாக நல்ல விலைக்குப் போகாத மீன். சின்னக் கெலாமா, முள் அடர்ந்த சூடை, சதை போதாத காரல். விற்காத மீனைக் கெடாத உணவாக மாற்றுவது பற்றிக் கருத்தரங்கங்கள் கூடுவதற்கு வெகுகாலம் முன்பே உப்பும் வெயிலும் அதைச் செய்துகொண்டிருந்தன. சமைக்கும் முறையையும் பார்க்க வேண்டும். கத்திரிக்காய்க் குழம்பில் இரண்டு துண்டுக் கருவாடு விழுந்தால் குடும்பத்துக்கே ஒரு வேளைச் சோறு இறங்கிவிடும். அங்கே கருவாடு மீன் என்ற கணக்கில் வருவதில்லை. உப்பு, புளி மாதிரி ஒரு சேர்மானம். தென்பாண்டிக் கடற்கரையிலும் ஈழத்திலும் மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பலில் சேர்ப்பதும் இதே தர்க்கம்தான். கொஞ்சம் போதும், மணம் சட்டி முழுக்கப் பரவும்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோன ஊர் மலாக்கா. உஜோங் பாசிரில் 1930களில் அமைந்த போர்த்துகீசியர் குடியிருப்பின் மீனவர்கள் கெராகாவ் பிடிப்பதில் பேர் போனவர்கள். தமிழ்நாட்டில் சென்னாகூனி என்று காய்ந்த நிலையில் விற்பார்களே, அதே பொடி இறால் இனம். இரண்டு மூங்கில் கழியைக் குறுக்காகக் கட்டி, நடுவில் நெருக்கமான வலை விரித்து, இடுப்பளவு நீரில் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். சுங்கோர் என்று அந்த வலைக்குப் பெயர். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் ஆகாத உயிர் அது. தோலுரிக்க முடியாது, பொரித்தால் தூளாகிவிடும், வெயிலில் சில மணி நேரத்தில் நாறத் தொடங்கும். அந்த நாற்றத்துக்கு முந்திக்கொள்வதில்தான் கைத்திறன் இருக்கிறது.

செஞ்சாலோக் என்ற ஊறலைச் செய்பவர் கெராகாவை அலசி, உப்பும் கொஞ்சம் சோறும் பிசைந்து போத்தலில் அடைத்து மூடிவைக்கிறார். சோறு சேர்ப்பது வெறும் வழக்கம் இல்லை. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு மாவுச்சத்துதான் சாப்பாடு. சில நாளில் புளிப்பேறி, அமிலமும் உப்புமாகச் சேர்ந்து கெடுக்கும் நுண்ணுயிர்களை அடக்கிவிடும். போத்தலுக்குள் இளஞ்சிவப்பு படரும். அதே கெராகாவில் செய்யும் பெலாச்சானுக்குச் சோறு கிடையாது. உப்பிட்டு, வெயிலில் நீரை வற்றவைத்து, இடித்து, ஊறவிட்டு, மறுபடி காயவைத்து இடிப்பார்கள். இறாலின் குடலிலும் சதையிலும் உள்ள நொதிகள் புரதத்தை உடைத்துக்கொண்டே போகும். உடைந்து கிடைக்கும் அமினோ அமிலங்களில் குளூட்டாமிக் அமிலம் முக்கியமானது. நாக்கில் நீண்டு நிற்கும் அந்தச் சுவை அதிலிருந்து வருகிறது. ஆலைகள் இன்று நொதியைத் தனியே வாங்கிப் போட்டு, ஐம்பது டிகிரிச் சூட்டில் சில மணி நேரத்தில் மீனைக் கரைத்து, தெளித்து உலர்த்திச் சுவைத் தூளாக்குகின்றன. வேதியியலில் பெலாச்சானுக்கும் அதற்கும் பங்காளி உறவு. ஆலையின் வேகத்துக்கு ஒரு விலை உண்டு: பாதியில் நின்றுபோன புரதத் துண்டுகள் கசக்கும். அந்தக் கசப்பை மறைப்பதற்கென்றே தனியாக ஆய்வு நடக்கிறது. இடித்துக் காயவைத்துப் பொறுத்திருக்கும் கிழவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

1688இல் டோங்கினுக்குப் போன ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் அங்கே பார்த்த பெலாச்சானைப் பற்றி எழுதியிருக்கிறார். இறாலோடு சிறு மீன்களையும் உப்பு நீரில் ஊறவைத்துச் செய்வதாக அவர் சொல்கிறார். அந்த நாளிலேயே அது ஒரே இனத்தின் பண்டமாக இருக்கவில்லை. வலையில் கலந்து வந்த பொடிசுகளுக்கும் அதில் இடம் இருந்தது. காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளின் சமையலில் தமிழ் நாக்கும் இந்த மலாய்ச் சேர்மானமும் கூடிக் குடும்பம் நடத்துகின்றன. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலின் சொந்தக்காரச் சமூகம் அது. தமிழ்ப் பேச்சு போய்விட்டது, திருநீறும் பொங்கலும் போகவில்லை, பெலாச்சான் சம்பல் உள்ளே வந்துவிட்டது. தோட்டங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த தமிழர்களும் கொஞ்ச காலத்தில் அதே சம்பலுக்குப் பழகிக்கொண்டார்கள்.

கெராகாவைக் கழிசல் என்று சொன்னால் உஜோங் பாசிர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான். அவர்கள் அதைத் தேடிப் போய்ப் பிடிக்கிறார்கள். ஒன்றுக்கும் ஆகாதது என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஓர் உயிர், சேர்மானமாக மாறி, தேடிப் பிடிக்கும் பொருளாகவே ஆகிவிட்டது. ஆனால் சுங்கோருக்கு ஓர் எல்லை இருக்கிறது. மனிதன் நிற்கக்கூடிய ஆழம் அதன் எல்லை. அவன் காலில் தெம்பு தீரும்போது அன்றைய பிடிப்பும் தீர்ந்துவிடும். பருவம் போனால் பிடிப்பே இல்லை. விலை எவ்வளவு ஏறினாலும் அந்த வலை நான்கு மைல் தள்ளிப் போய் மேயாது.

ஆலை வழிக்கு இந்த எல்லைகள் கிடையாது. அதன் நாயகன் சுரிமி என்னும் அலசிய மீன் சதை. ஜப்பானில் மீன் சதையை அலசிப் பிசைந்து அவித்துத் தின்பது பழைய வழக்கம்தான், உறையவைத்தால் மட்டும் சதையின் பிணைப்பு கெட்டுப் பஞ்சாகிவிடும். 1960 வாக்கில் ஹொக்கைடோ மீன்வள ஆய்வு நிலையத்தில் நிஷியாவின் குழு இதற்கு வழி கண்டது. அலசிய சதையில் சர்க்கரை சேர்த்து உறையவைத்தால் புரதம் கெடுவதில்லை. இன்று பொதுவாகச் சர்க்கரை நான்கு விழுக்காடு, சோர்பிட்டால் நான்கு விழுக்காடு, மிகச் சிறிதளவு பாஸ்பேட் சேர்க்கிறார்கள். அலசும்போது இரத்தமும் கொழுப்பும் நீரில் கரையும் புரதங்களும் சதையைச் சிதைக்கும் நொதிகளில் ஒரு பகுதியும் ஓடிவிடும். தசைநார்ப் புரதம் மட்டும் மிஞ்சும். உப்புப் போட்டு அரைத்துச் சூடாக்கினால் அது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ரப்பராக இறுகும். பாசார் மாலாமில் குச்சியில் குத்தித் தரும் மீன் உருண்டையும் நண்டு வாசனைக் குச்சியும் இந்த வெள்ளைச் சதையின் பிள்ளைகள்.

தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையத்தின் சிங்கப்பூர்ப் பிரிவு இந்த நுட்பத்தை நம் கடல் மீன்களுக்குப் பழக்கியது. நாம் சங்கரா என்றும் மலாய்க்காரர் கெரிசி என்றும் சொல்லும் மீன், தும்பிலி, நவரை, கெலாமா ஆகியவற்றில் சிறியவை ஒருகாலத்தில் கோழிக்கும் வாத்துக்கும் போனவை. அவையே சுரிமிக்கு மூலப்பொருள் ஆயின. பேராக்கின் ஹூத்தான் மெலிந்தாங்கில் உள்ள கியூஎல் நிறுவனத்தின் ஆலைகள் ஆசியாவின் பெரிய சுரிமி உற்பத்தியாளர்கள் வரிசையில் இருக்கின்றன. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் நூறு கிலோ முழு மீனில் இருபது, இருபத்தைந்து கிலோ சுரிமிதான் தேறும். தலை, முள், தோல், குடல் எல்லாம் மீன் தூளாகித் தீவனத்துக்குப் போகும். அலசிய தண்ணீரோடு நல்ல புரதமும் ஓடுகிறது. தோல் மட்டும் இந்த நாட்டில் தனிக்கவனம் பெறத் தக்கது. அதிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் முஸ்லிம்களுக்கும் ஆகும், மாட்டிறைச்சி தொடாத இந்துக்களுக்கும் ஆகும். வெப்பக்கடல் மீன்தோலின் ஜெலட்டின், குளிர்க்கடல் மீனுடையதைவிட நன்றாக உறைவதும் ஒரு கூடுதல் வசதி.

மீனைப் பெயரில்லாத தூளாக்கி எல்லாவற்றிலும் கலந்துவிடலாம் என்ற கனவு ஒன்று அமெரிக்காவில் பெரிய அளவில் கலைந்திருக்கிறது. அதிகம் விரும்பப்படாத ஹேக் மீனை ஆல்கஹாலால் அலசி, மணமும் கொழுப்பும் நீக்கி, ஏறக்குறைய எண்பது விழுக்காடு புரதமுள்ள தூள் செய்தார்கள். உலகின் பசியைப் போக்கும் என்றார்கள். 1967இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதியும் கொடுத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் திட்டமே மூடப்பட்டது. தூள் நீரில் கரையாது, இறுகாது, சுவை சேர்க்காது. சோயா மாவும் பால்தூளும் அதைவிட மலிவு. மீன் என்று தெரியாமலிருக்க அரும்பாடுபட்டு, கடைசியில் வாங்குவதற்கு ஒரு காரணமும் மிஞ்சாமல் செய்துவிட்டார்கள். மலேசியாவில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி முழுக்கச் சைவம் என்றிருக்கும் வீட்டில் ரொட்டிக்குள் மீன் ஒளிந்து வந்தால் அது ஊட்டச்சத்து ஆகாது, வம்பு ஆகும். மீன் சேர்ந்த பொருளில் அதை உறையில் சொல்ல வேண்டும் என்று நாட்டின் உணவு விதிமுறைகள் கேட்பது ஒவ்வாமை உள்ளவர்களை எண்ணி. விரதக்காரருக்கும் அது உதவுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று வந்த நாட்டில், மலிவான மீன் புரதத்தின் தேவையை யாரும் மறுக்கப் போவதில்லை. அது பெயரோடு வரட்டும்.

இனி அந்த உறுத்தலுக்கு வருகிறேன். அதற்கான மிகத் தெளிவான சான்று நம் பூர்வீகக் கரையிலேயே இருக்கிறது. லோபோ, பால்ம்ஃபோர்டு, ஆர்தர், மனிகா என்ற நான்கு ஆய்வாளர்கள் சோழமண்டலக் கரையின் இழுவைப் படகுக்காரர்களைக் கேட்டு, 1978 முதல் 2008 வரையிலான முப்பது ஆண்டு மாற்றத்தைத் தொகுத்து 2010இல் வெளியிட்டார்கள். குறிவைத்துப் போகும் மீனின் வரவு கடுமையாகச் சரிந்தது. டீசலும் மற்றச் செலவும் ஏறி, அந்த வருமானத்தைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்தன. சாதாரணமாக அந்த இடத்தில் தொழில் தானாக நின்றிருக்கும்; கடலும் மூச்சு விட்டிருக்கும். நிற்கவில்லை. முன்பு வீசிய கழிசல் மீன் இப்போது உள்ளூர்ச் சந்தைக்கும், பெருகிவந்த கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்கும் விலைபோனது. அந்த வரவு இல்லையென்றால் படகு கட்டுப்படியாகாது என்ற நிலை. முக்கிய மீன் தீர்ந்தபின்னும் மற்றதை விற்றே வலை இழுக்க முடிந்தது. இராமநாதபுரம் கரையில் சங்காயம் என்று சொல்லும் அந்தக் கலவைக்குள் நாளைக்குப் பெரிதாகி நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய குஞ்சுகளும் கிடக்கும்.

வீணாவதைத் தடுப்பது நல்லதுதானே என்று கேட்கிறவரிடம் நான் இந்த ஆய்வைத்தான் நீட்டுவேன். விலை கிடைத்ததில் தப்பில்லை. அந்த விலை எந்த வலையின்மேல் போய் விழுந்தது என்று பார்க்க வேண்டும். சுங்கோரின்மேல் விழுந்தபோது பெலாச்சான் உண்டாயிற்று. அடிமடி இழுவை வலையின்மேல் விழுந்தபோது கடலைக் காலி செய்யும் தொழிலுக்கு ஆயுசு கூடிற்று.

மலாக்கா நீரிணைக்கு இது புதுப் பாடமும் இல்லை. அறுபதுகளில் இழுவைப் படகு வந்ததிலிருந்து கரைமீனவர்களுக்கும் அவற்றுக்கும் மோதல். படகுகள் மூழ்கின, உயிர்களும் போயின. 1981இல் கொண்டுவந்த உரிமக் கொள்கை கடலைப் பட்டைகளாகப் பிரித்து, கரையிலிருந்து முதல் ஐந்து கடல்மைலைப் பாரம்பரிய மீனவர்களுக்கு ஒதுக்கியது. இழுவை வலையின் கடைசிப் பைக்கு 38 மில்லிமீட்டர் கண் என்ற விதியும் இருக்கிறது. மீன்வளத் துறையின் ஆண்டுப் புள்ளிவிவரத்தில் ஈக்கான் பாஜா, அதாவது உரத்துக்கான மீன், என்ற தலைப்பும் மறையாமல் தொடர்ந்து வருகிறது. தென்கிழக்காசிய மையம் குஞ்சுகள் தப்பிப்போகக் கம்பிச் சட்டம் பொருத்திய வலைகளை வடிவமைத்துக் காட்டியது. குஞ்சையும் ஆலை வாங்கிக்கொள்ளும்போது அந்தச் சட்டத்தைச் சொந்தக் காசில் மாட்ட எந்தப் படகுக்காரர் முன்வருவார்?

மலாக்காவில் ஏதாவது செய்வதென்றால் இங்கே இருக்கும் வாளியிலிருந்து தொடங்க வேண்டும். நாள்தோறும் கொஞ்சம், இன்ன மீன் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத கலவை, வெயிலில் மதியத்துக்குள் கெடும் சரக்கு. இந்த மூன்றும் சுரிமி ஆலைக்கு ஆகாதவை. உம்பாயில் அப்படி ஓர் ஆலை கட்டினால் அது தன் பசிக்கு வெளியூர் இழுவைப் படகைத்தான் கூப்பிடும். வீட்டளவுத் தொழிலுக்கு இந்த மூன்றும் தடையில்லை. காரலையும் சின்னக் கெலாமாவையும் தலை நீக்கி, துளைத் தகட்டில் அழுத்தி முள்ளைப் பிரிக்கும் சிறு இயந்திரத்தில் விட்டால் சதை தனியே வரும். அலசாமலே அது கட்லெட்டுக்கும் கெரோப்போக்குக்கும் போதும். கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இவ்வகைச் சதையில் கட்லெட்டும் வற்றலும் செய்யும் முறைகளைப் பல்லாண்டாகப் பழக்கிவருகிறது. மிச்சத்தை உலர்த்தி மிளகாய், பூண்டோடு இடித்தால் கருவாட்டுப் பொடி. மெர்லிமாவிலும் ஜாசினிலும் தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த குடும்பங்கள் அதற்குப் புது வாடிக்கையாளர்கள் இல்லை. நாக்கு ஏற்கெனவே பழகிவிட்டது, முள்ளெடுக்க நேரம்தான் இல்லை. மீனவர் மேம்பாட்டு வாரியத்தின் கீழ் மீனவப் பெண்கள் குழுக்கள் இருக்கின்றன. தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களின் தொழில் குழுக்களோடு அவர்கள் கூட்டுச் சேர்ந்தால் சரக்கு ஒரு பக்கமும் சந்தை மறுபக்கமும் ஒரே மாவட்டத்துக்குள் கிடைத்துவிடும்.

கலவை மீனில் விளையாட முடியாத இடமும் ஒன்று உண்டு. பேத்தையின் நஞ்சு வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது. 2023இல் ஜொகூரில் அதைச் சமைத்துச் சாப்பிட்டதில் உயிரிழப்பு நேர்ந்தது. குதிரைலாட நண்டில் ஓர் இனத்திலும் அதே நஞ்சு இருக்கும். சூடை போன்ற மீனை ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் விட்டால் சேரும் ஹிஸ்டமினும் அப்படித்தான், அடுப்பு அதை அழிக்காது. எனவே படகிலேயே இனம் பிரித்து, பிடித்த உடனே மீனின் எடைக்குச் சமமான ஐஸ் போட்டாக வேண்டும். பேருக்குக் கழிசல் என்பதால் ஐஸை மிச்சம் பிடிக்கிற படகிலிருந்து ஒரு கிலோகூட வாங்கக் கூடாது.

விலையை எப்படி வைப்பது? கையளவுக்குக் கீழே உள்ள குஞ்சுக்கு எந்த விலையும் இல்லை என்று எழுதி ஒட்டலாம். மீனவர்கள் உடனே மடக்குவார்கள்: விலை இல்லாவிட்டாலும் குஞ்சு வலையில் வரத்தானே செய்யும், செத்ததைக் கடலில் போட்டு யாருக்கு லாபம்? வலுவான வாதம். முதல் ஆண்டில் அவர்கள் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும். ஐந்தாம் ஆண்டில் என்ன ஆகும் என்பதைச் சோழமண்டலக் கரை காட்டிவிட்டது. ஆகவே விலையோடு கொள்முதலுக்கும் உச்சவரம்பு வேண்டும். கரைப்பட்டையில் தொழில் செய்யும் படகுகளிடம் மட்டும், நாளுக்கு இத்தனை கிலோவுக்கு மேல் இல்லை என்று உரிமத்திலேயே எழுத வேண்டும். தொழில் வளரட்டும் என்று யாராவது அந்த எண்ணைத் தூக்கக் கேட்டால், எந்தப் படகு எந்த வலையோடு அந்தக் கூடுதல் சரக்கைக் கொண்டுவரும் என்று முதலில் அவர் சொல்லட்டும்.